முதுகைக் காட்டிய கூட்டம்

(மன்னார்புரத்தில் ஒரு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'கால்பந்து ஆய்வாளர்' என்று போட்டுவிட்டார்கள். ஆய்வெல்லாம் ஒன்றும் இல்லை. மாவட்ட அளவில் இருபது வருஷத்துக்கு மேல் விசில் ஊதியவன். முட்டி தேய்ந்ததும் நிறுத்திக்கொண்டேன். ஆகவே இன்று நான் சொல்லப்போவதில் பாதி, ஏட்டில் படித்தது. மீதி, மைதானத்தில் வசவு வாங்கித் தெரிந்துகொண்டது. எது எந்தப் பாதி என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு இது: ஓனரை எதிர்த்து ரசிகர்கள் கொடி பிடித்தால் டீமின் ஆட்டம் கெடுமா, தேறுமா? வாசலில் ஒரு தம்பி கேட்டார், "சார், திருச்சியில உக்காந்துக்கிட்டு இதை எதுக்குப் பேசணும்? நமக்கு ஏது கிளப்பு, ஏது ஓனரு?" என்று. நியாயம்தான். நமக்கு இருப்பது ரயில்வே டீம், காலேஜ் டீம், ஊருக்கு ஊர் செவன்ஸ். ஆனால் ஓனர் இல்லாத ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஜெர்சி எடுத்துக் கொடுக்கிறவர், பேட்டா தருகிறவர், கோப்பைக்குத் தன் அப்பா பெயரை வைக்கச் சொல்கிறவர், அவர்தான் நம்மூர் ஓனர்.

அப்படி ஒருவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எழுவர் கால்பந்து, அரையிறுதி, நான் ரெஃப்ரி. உள்ளூர் டீமின் புரவலர் மேடையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு டோர்னமென்ட்டுக்கான பேட்டா பாக்கி. கேட்ட கேப்டனை அன்றைக்கு டீமிலேயே சேர்க்கவில்லை. இது ஊருக்கே தெரியும். முதல் பாதி வரை ஜனம் பொறுத்துக்கொண்டது. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கயிற்றுக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் திரும்பி நின்றார்கள். மைதானத்துக்கு முதுகு, மேடைக்கு முகம். ஒருவன் காலி எண்ணெய் டின்னைத் தட்டினான். அந்தத் தாளத்துக்கு, "பேட்டா எங்கே? பேட்டா எங்கே?"

அந்தச் சமயத்தில்தான் வெளியூர் டிஃபெண்டரின் முழங்கையில் பந்து பட்டது. பெனால்டி பாக்ஸுக்கு உள்ளே. எனக்கும் பந்துக்கும் நடுவில் ஒருவன் நின்றான், பாதிதான் தெரிந்தது. வழக்கமாக என்ன நடக்கும் தெரியுமா? அந்த அரை நொடியில் நானூறு தொண்டை "ஹேண்டு!" என்று அலறும். கண் பாதி பார்த்ததைக் காது நிரப்பிவிடும், விசில் தானாக வாய்க்கு வரும். அன்று ஃபார்வர்டு பையன் ஒருவன் மட்டும் "சார்!" என்றான். டின் சத்தம் மேடைப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். உள்ளூர் டீம் 0-1 என்று தோற்றது. ராத்திரி பஸ்ஸில் லைன்ஸ்மேன் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, அது கைதாண்ணே."

கண் பார்க்காததைக் காது நிரப்புகிறது என்பதை வெறும் என் மனப்பிராந்தி என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் ஒரு பிரிட்டிஷ் பரிசோதனையைப் படித்தேன். நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்ற மூவர் 2002-இல் வெளியிட்டது. தகுதி பெற்ற 40 ரெஃப்ரிகளை உட்காரவைத்து, லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டார்கள். எல்லாருக்கும் அதே மோதல்கள்தான். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் டீம் மீது கொடுத்த ஃபவுல் 15.5 சதவீதம் குறைவு. கண்ணுக்கு எதிரே இருப்பது ஒரே படம், காதுதான் வேறு. கொரோனா காலத்தில் உலகமே பூட்டிய மைதானத்தில் ஆடியபோது இது இன்னொரு தடவை தெரிந்தது. கூட்டம் இல்லாத ஆட்டங்களில் விருந்தாளி டீமுக்கு விழும் மஞ்சள் அட்டை குறைந்தது. உள்ளூர்க்காரர்களின் வெற்றியும் குறைந்தது.

ஆக, கூட்டம் ஆட்டக்காரனின் காலைத் தொடுவதை விட ரெஃப்ரியின் காதைத்தான் அதிகம் தொடுகிறது. என் சாதிக்காரர்களைக் காட்டிக் கொடுக்கிறேன், மன்னித்துவிடுங்கள். ரசிகன் அந்தத் தொண்டையை ஓனர் பக்கம் திருப்பினால் சொந்த டீம் ஒரு சின்ன சலுகையை இழக்கிறது. போராட்டத்தால் நேரடியாக ஏற்படும் நஷ்டம் என்று இப்போதைக்கு நான் ஒத்துக்கொள்வது இது ஒன்றைத்தான். அதுவும் மைதானத்துக்குள்ளே நடக்கும் போராட்டத்துக்கு மட்டும்.

ஆனால் ஓனர்கள் சொல்வது இது இல்லை. 'நீங்கள் கத்துவதால்தான் பையன்கள் மனசு உடைந்து தோற்கிறார்கள்' என்பது அவர்கள் கட்சி. இதைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டிலேயே ஓர் ஊர் இருக்கிறது. கல்கத்தா.

2020 ஜனவரியில், 1889-இல் பிறந்த மோகன் பகானின் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதத்தை சஞ்சீவ் கோயங்காவின் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அவர்களுக்கு ஏற்கெனவே ஏடிகே என்று ஒரு டீம் உண்டு. இரண்டையும் ஒட்டி 'ஏடிகே மோகன் பகான்' என்று பெயர் வைத்தார்கள். 1911-இல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தின் டீமை ஜெயித்து ஷீல்டு வாங்கிய பெயருக்கு முன்னால், ஆறு வருஷத்துக் கம்பெனியின் மூன்றெழுத்து. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு முன்னால் ஒரு சிமென்ட் கம்பெனி பெயரை ஒட்டிச் சொல்லிப் பாருங்கள், ரசிகர்களின் கோபம் விளங்கும். 'ஏடிகேவை எடு' என்று சுவரில் எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், மேட்சைப் புறக்கணித்தார்கள். மூன்று வருஷம் ஓயவில்லை.

அந்த மூன்று வருஷம் டீம் என்ன ஆனது? 2020-21-இல் நம் நாட்டின் பெரிய லீகான ஐஎஸ்எல்லில் இறுதிப் போட்டிவரை போய் மும்பையிடம் 1-2 என்று தோற்றது. அடுத்த வருஷம் அரையிறுதி. 2023 மார்ச் 18, கோவாவில் ஃபடோர்டா மைதானம், பெங்களூருவோடு இறுதி ஆட்டம். 2-2 என்று முடிந்து பெனால்டியில் 4-3. கோப்பை கைக்கு வந்தது. கோப்பை வாங்கிய அந்த இரவே கோயங்கா அறிவித்தார், அடுத்த சீசனிலிருந்து பெயரில் ஏடிகே இருக்காது, 'மோகன் பகான் சூப்பர் ஜெயன்ட்' என்று. ரசிகனுக்கு ஒரே ராத்திரியில் இரண்டு வெற்றி. அதற்குப் பிறகு 2023-24-இல் லீக் ஷீல்டு, 2024-25-இல் ஷீல்டும் கோப்பையும் சேர்த்து. ஓனரைத் திட்டிக்கொண்டே இருந்த வருஷங்களிலும் மேலேதான் இருந்தது, பெயர் மாறிய பிறகு வந்த இந்த இரண்டு சீசனிலும் மேலேதான் இருந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். நல்ல ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கப் பணம் இருந்தது.

அதே ஊர், அதே மைதான் புல்வெளி, கூப்பிடு தூரத்தில் ஈஸ்ட் பெங்கால். 2020 செப்டம்பரில் முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட்டு ஸ்ரீ சிமென்ட் கம்பெனியை அழைத்துவந்தார். ஒப்பந்தத்தின் முழுக் காகிதத்தில் கிளப் நிர்வாகிகள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். கிளப்பின் உரிமையே போய்விடும் என்றார்கள் அவர்கள். போடாவிட்டால் ஒரு காசு வராது என்றது கம்பெனி. 2021 ஜூலை 21 அன்று கிளப் கூடாரத்தின் முன்னால் ரசிகர்கள் திரண்டார்கள். அவர்களுக்குள்ளேயே இரண்டு கோஷ்டி. 'கையெழுத்துப் போடு' என்று ஒன்று, நிர்வாகிகள் பக்கம் ஒன்று. கைகலப்பு, போலீஸ் தடியடி. கடைசியில் ஆகஸ்ட் 25-இல் மறுபடி முதலமைச்சர்தான் சமாதானம் செய்துவைத்தார்.

அந்த சீசனில் ஈஸ்ட் பெங்கால் கடைசி இடம். 20 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, 8 டிரா, 11 தோல்வி. 'பாருங்கள், தெருவில் இறங்கினார்கள், டீம் நாசமாகிவிட்டது' என்று சொல்ல இதைவிட வசதியான உதாரணம் கிடைக்குமா? கிடைக்காது. ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. அந்த சீசனில் ஈஸ்ட் பெங்காலின் எல்லா லீக் ஆட்டமும் கொரோனாவால் கோவாவில் பூட்டிய மைதானத்தில் நடந்தது. கத்துவதற்கு ஸ்டாண்டில் ஒரு ரசிகன்கூட இல்லை. பிறகு யார் சத்தம் எந்த ஆட்டக்காரனின் மனசை உடைத்தது? மற்ற டீம்கள் ஆள் பிடித்து முடித்துப் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய வீரர்களின் சம்பளப் பாக்கிக்காக ஆள் சேர்க்கத் தடை வேறு விழுந்திருந்தது. மிச்சம் இருந்தவர்களை வாரிக்கொண்டு போனார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் சமையல்காரரைத் தேடினால் என்ன சாப்பாடு கிடைக்கும்? அதுதான் கிடைத்தது.

ஆடி மாசம் காவிரியில் தண்ணீர் வந்தால் நம்மூரில் என்ன நடக்கும்? மேட்டூரில் திறந்தது முக்கொம்பு தாண்டி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் பாலத்தில் கைப்பிடிச் சுவர் ஓரம் ஜனம் நிற்கும். வண்டியை நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. அடுத்த நாள் பேப்பரில் கூட்டமும் வெள்ளமும் ஒரே போட்டோவில் வரும். கூட்டம் கூடியதால்தான் வெள்ளம் வந்தது என்று யாராவது சொல்வோமா? கால்பந்தில் மட்டும் சொல்கிறோம். டீம் தேய ஆரம்பித்த பிறகுதான் ரசிகன் தெருவுக்கு வருகிறான். அவன் வந்த நாளிலிருந்து கணக்கை எழுதினால் பழி அவன் மேல்தான் விழும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. போராட்டம் பலித்தது, டீம் எழுந்தது என்று கொண்டாடுவது. கொச்சிக்கு வருவோம். கேரளா பிளாஸ்டர்ஸின் ரசிகர் படைக்கு 'மஞ்சப்பட' என்று பெயர். 2024-இல், லீகிலேயே அதிக கோல் அடித்த டியாமன்டகோஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஜீக்சன் சிங்கை விற்றார்கள். அந்த இடங்கள் சரியாக நிரம்பவில்லை. 12 ஆட்டத்தில் 7 தோல்வி, 11 புள்ளி. டிசம்பரில் மஞ்சப்பட அறிவித்தது, இனி டிக்கெட் வாங்கி விநியோகிக்க மாட்டோம், எதிர்ப்பைக் காட்டுவோம் என்று. டிசம்பர் 16 அன்று கோச் மிக்கேல் ஸ்டாரேயை அனுப்பிவிட்டார்கள். டி.ஜி. புருஷோத்தமன் பொறுப்பேற்று முதல் ஆட்டமே முகமதன்ஸை 3-0. மீதி 12 ஆட்டத்தில் 18 புள்ளி. நடுவில் சென்னைக்கு வந்து நம்மாட்களை 3-1 என்று தட்டிவிட்டும் போனார்கள்.

பதினொன்று, பதினெட்டு. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு, 'மருமக வந்த நேரம்' என்று. கல்யாணமான மாசத்தில் பிரமோஷன் வந்தால் மருமகளின் ராசி, ஓட்டு வீட்டில் மழை ஒழுகினால் அதுவும் அவள் தலையில். ஏழு ஆட்டம் தோற்ற டீம் அடுத்துக் கொஞ்சம் தேறுவது இயல்பு. ஏனென்றால் அந்த ஏழில் இரண்டோ மூன்றோ துரதிர்ஷ்டத்தால் வந்திருக்கும், துரதிர்ஷ்டம் எப்போதும் தொடராது. கோச்சை மாற்றினாலும் தேறியிருக்கும், மாற்றாவிட்டாலும் ஓரளவு தேறியிருக்கும். கடைசியில் பிளாஸ்டர்ஸ் எட்டாவது இடத்தில்தான் முடித்தது. மஞ்சப்பட கேட்டது கோச்சின் தலையை அல்ல, ஆள் வாங்கும் கொள்கையை. கிடைத்தது தலை. ஓனருக்கு அதுதானே மலிவு!

இங்கிலாந்துப் பக்கம் வேகமாக ஒரு நடை போய் வருவோம். 2021 ஏப்ரல், சூப்பர் லீக் என்று பெரிய கிளப்புகள் தனிக்கடை போடப் பார்த்த வாரம். செல்சீ ரசிகர்கள் மைதான வாசலில் டீம் பஸ்ஸையே மறித்தார்கள். பழைய கோல்கீப்பர் பெட்ர் செக் இறங்கி வந்து கெஞ்சினார். ஆட்டம் தாமதமாகத் தொடங்கி, பிரைட்டனோடு 0-0. ஆட்டம் கெட்டது என்கிறீர்களா? அதே டீம் அடுத்த மாதம் 29-ஆம் தேதி ஐரோப்பிய சாம்பியன்.

மான்செஸ்டர் யுனைடெட் கதை கொஞ்சம் வேறு. மே 2 அன்று, ஓனர் கிளேசர் குடும்பத்துக்கு எதிராக ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். லிவர்பூலோடு நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிப்போனது. தள்ளிப்போனதை எங்கே செருகினார்கள்? மே 9 ஒன்று, 11 ஒன்று, 13 லிவர்பூல். ஐந்து நாளில் மூன்று ஆட்டம். 11-ஆம் தேதி பத்துப் பேரை மாற்றி இறக்கி லெஸ்டரிடம் 1-2, அந்தத் தோல்வியில் பட்டம் பக்கத்து வீட்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. 13-ஆம் தேதி லிவர்பூலிடம் 2-4. பட்டம் எப்படியும் சிட்டிக்குத்தான் என்பது வேறு விஷயம். இங்கே போராட்டம் ஆட்டத்தைத் தொட்டது உண்மை. ஆனால் மனசு வழியாகத் தொடவில்லை, காலண்டர் வழியாகத் தொட்டது. இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், 'பாதிப்பு உண்டா, இல்லையா' என்று கேட்பதை விட 'எந்த வாசல் வழியாக வந்தது' என்று கேட்பது ரெஃப்ரி புத்தி. கை பட்டதா என்பதோடு நாங்கள் விடமாட்டோம், கை எங்கே இருந்தது என்றும் கேட்போம்.

எனக்குப் பிடித்த கதை பிளாக்பூல். கடலோரச் சின்ன ஊர். ஓய்ஸ்டன் குடும்பம் ஓனர். கிளப்புக்கு வந்த பணம் டீமுக்குப் போகவில்லை என்று கோபம், விமர்சித்த ரசிகர்கள் மேலேயே குடும்பம் வழக்குப் போட்டது. ரசிகர்கள் வருஷக்கணக்கில் மைதானத்துக்கே போகவில்லை. 2017 மே மாதம் டீம் வெம்ப்ளியில் எக்ஸெட்டரை 2-1 என்று ஜெயித்து மேல் டிவிஷனுக்கு ஏறியது. தங்கள் டீம் வெம்ப்ளியில் ஜெயிக்கிறது, இவர்களில் பெரும்பாலோர் அதையும் பார்க்கப் போகவில்லை. அந்த வைராக்கியத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. 2019 பிப்ரவரியில் கோர்ட் நியமித்த நிர்வாகி ஓய்ஸ்டனை விலக்கினார். மார்ச் 9, திரும்பி வந்த நாள், சவுத்எண்டோடு ஆட்டம். 15,871 பேர். பல வருஷம் பாதி காலியாகக் கிடந்த நாற்காலிகளில் தாத்தாவும் பேரனுமாக உட்கார்ந்து அழுதார்கள். ஆட்டம் 2-2 டிரா. காலி நாற்காலிக்கு முன்னால் ஜெயித்தவர்கள், நிரம்பிய நாற்காலிக்கு முன்னால் டிரா. எந்தத் தியரியில் இதை அடைப்பது?

கிரிக்கெட்டில் நம்மாட்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்துக்குள் செருப்பு விழுந்தது, சிஎஸ்கேவின் மீதி உள்ளூர் ஆட்டங்கள் அத்தனையும் புனேவுக்குப் போயின. மே மாதம் கோப்பையும் சிஎஸ்கேவுக்குத்தான். அது ஓனருக்கு எதிரானது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளியே கொந்தளித்தால் உள்ளே மட்டை ஆடும் என்பவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இப்போது பெரிய கூட்டம் கூடிக் கத்தாத இடத்துக்கு வருவோம். ஹைதராபாத் எஃப்சி 2022-இல் சாம்பியன். இரண்டே வருஷத்தில், 2023-24-இல், 22 ஆட்டத்தில் ஒரு வெற்றி, 8 புள்ளி, கடைசி இடம். சம்பளம் வரவில்லை, வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், பொடிப் பையன்களை வைத்து ஆடினார்கள். இன்னும் பக்கத்தில், கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி, 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் பட்டம் வாங்கியது. தமிழ்நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! மூன்று வருஷம் கழித்துப் பட்டியலில் பெயரே இல்லை. அதற்காக ஊர்வலம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2025 ஆகஸ்டில் லீகின் எதிர்காலமே கேள்விக்குறியானபோது சென்னையின் எஃப்சி தன் வேலைகளை நிறுத்திவைத்தது, பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது. மாசம் பொறந்தால் சம்பளம் வருகிறதா என்பதுதான் காலில் தெரியும். கேலரியின் கோஷம் வீட்டு வாடகைக்கு உதவாது, வீட்டு வாடகையைக் கெடுக்கவும் கெடுக்காது.

இங்கிருந்து கூப்பிடு தூரம் பொன்மலை ரயில்வே பட்டறை. சங்கத் திடல் உங்களில் பலருக்கு வீடு மாதிரி. 1946 செப்டம்பர் 5-இல் சுடப்பட்டு இறந்த ஐந்து தொழிலாளர்களுக்கு அங்கே ஒவ்வொரு வருஷமும் வணக்கம் செலுத்துகிறோம். தொழிலாளி வேலையை நிறுத்தினால் பட்டறை நிற்கும், அதுதான் அவன் பலம். ரசிகனால் நிறுத்த முடிந்தது எது? சத்தம், டிக்கெட் காசு, அவ்வளவே. பந்து அவன் இல்லாமலும் உருளும். அதனால்தான் ரசிகனின் போராட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தாக்குகிறது, ஓனரின் மரியாதையை. ஜெர்மனியில் 2024 பிப்ரவரியில் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்கும் பேச்சு அதே மாதம் 21-ஆம் தேதி கைவிடப்பட்டது. எந்த டீமும் அதனால் தலைகீழாகவில்லை. ஆட்டக்காரர்களும் ஊழியர்களும் டென்னிஸ் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த காட்சி மட்டும் உலகம் முழுக்கப் போனது.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் வாட்சைப் பார்க்கிறார். அந்த அரையிறுதியின் மிச்சத்தைச் சொல்லிவிட்டு உட்கார்கிறேன். அந்த ஃபார்வர்டு பையன் ராத்திரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தான். கோபம் இல்லை. "சார், கை பட்டுச்சுல்ல சார்?" என்றான். "எனக்குத் தெரியலைப்பா" என்றேன், அது உண்மை. லைன்ஸ்மேன் அப்போது இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. மேடையில் அவ்வளவு பேர் முன்னால் மானம் போனதில் புரவலர் மறுநாள் காலையிலேயே ஆள் அனுப்பிப் பாக்கி பேட்டா முழுவதையும் கொடுத்துவிட்டாராம். கேப்டனையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கும் நான்தான் ரெஃப்ரி. அன்று கூட்டம் முழுக்க மைதானத்தைப் பார்த்து நின்றது, என் காது கிழிந்தது, சந்தேகமான இரண்டு ஃப்ரீ கிக்கும் உள்ளூருக்கே கொடுத்தேன். 0-3 என்று தோற்றார்கள்.